மாதாமாதம் டாக்டரைப் பார்த்தும் புற்றுநோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது, ஏன்?

கேள்வியின் சுருக்கம் இது: அம்மாவுக்கு வயது 58. பதினோரு வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மாதம் தவறாமல் டாக்டரிடம் போவார், ஒரு வேளை மாத்திரை விட்டதில்லை. இப்போது பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய், கல்லீரலுக்குப் பரவிவிட்டது, நான்காம் நிலை என்கிறார்கள். இத்தனை முறை டாக்டரைப் பார்த்தும் எப்படித் தெரியாமல் போனது? சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் கல்லீரல், கணையம், கருப்பை உட்சுவர், பெருங்குடல், மாதவிடாய் நின்ற பிறகு மார்பகம் ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். உடல் பருமன், ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பது, நாள்பட்ட அழற்சி என்று காரணங்கள் இரண்டுக்கும் பொதுவானவை. ஆனால் நோய் வருவது ஒன்று, வந்த நோய் தாமதமாகத் தெரிவது வேறொன்று. உங்கள் மனத்தை அரிப்பது இரண்டாவதுதான், அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

அடிக்கடி டாக்டரிடம் போகிறவருக்கு எந்த நோயும் சீக்கிரம் தெரிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆய்வுகளில் அதற்குச் சான்று இருக்கிறது, எதிர்ச்சான்றும் இருக்கிறது. எந்தப் பழைய நோய், எந்தப் புற்றுநோய் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஹெபடைட்டிஸ் பி அல்லது கல்லீரல் சுருக்கம் உள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொண்டிருந்தால், கல்லீரல் புற்றுநோய் இரண்டு சென்டிமீட்டர் அளவிலேயே அகப்படக்கூடும். அங்கே பழைய நோய்தான் அவரைக் காப்பாற்றுகிறது, ஏனென்றால் அந்த நோய்க்கான கண்காணிப்பிலேயே புற்றுநோய்த் தேடலும் அடங்கியிருக்கிறது. சர்க்கரை நோயின் கண்காணிப்பில் அது அடங்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சர்க்கரை உள்ளவர்களுக்கு நோய் கூடுதல் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டிருந்தது. மனநோயும் மறதி நோயும் உள்ளவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் சொல்லும் வலியையே யாரும் காதில் வாங்குவதில்லை.

மாதாந்திர ஓ.பி.யில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண்), பிரஷர், சில இடங்களில் பாதப் பரிசோதனை. ஐந்து நிமிடம். எண்கள் சரியாக இருந்தால் 'அதே மாத்திரையைத் தொடருங்கள்'. படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதோ, போன முறை எடை என்ன என்று திருப்பிப் பார்ப்பதோ அந்த ஐந்து நிமிடத்தில் வராது. அசட்டையான டாக்டர் என்று சொல்ல வரவில்லை. எதற்காகப் போகிறோமோ அதைத்தான் பார்க்கிறார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், புதிதாக எந்த அறிகுறி வந்தாலும் அதைப் பழைய நோயின் கணக்கிலேயே எழுதிவிடுவது. சோர்வா, சர்க்கரை. எடை குறைகிறதா, சர்க்கரை. மலச்சிக்கலா, அதற்கும் சர்க்கரை. இப்படி எழுதுவதில் டாக்டர், வீட்டார், நோயாளி மூவருக்கும் பங்கு உண்டு. பெரும்பாலான சமயம் அது சரியாகவே இருந்துவிடும் என்பதுதான் ஆபத்து. எனவே பழைய நோயின் கணக்கில் எழுதக் கூடாதவை எவை என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ரத்தசோகை. வலப்பக்கப் பெருங்குடலில் குழாய் அகலம், மலமும் கூழாக இருக்கும், அதனால் கட்டி பெரிதாகியும் அடைப்பு வராது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியும். அது மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. வெளியே தெரிவதெல்லாம் ஹீமோகுளோபின் இறங்குவது மட்டும்தான். சர்க்கரை நோயாளிக்கு இதற்குச் சாக்குச் சொல்ல மூன்று ஆட்கள் தயாராக இருப்பார்கள்: சிறுநீரகம், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, ஸ்டென்டுக்கான ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை.

முதல் இரண்டையும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே ஓரளவு பிரித்துவிடலாம். சிறுநீரகத்தால் வரும் ரத்தசோகை, வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். நன்றாக இறங்கிய பிறகுதான் பொதுவாக வரும். அந்த எண் 60-க்கு மேல் இருக்கும்போது சிறுநீரகத்தின் மேல் பழி போடுவது பொருந்தாது. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும், அப்போது சிவப்பணுக்கள் பெரிதாகும், ரிப்போர்ட்டில் அவற்றின் சராசரி அளவான எம்.சி.வி. 100-ஐத் தாண்டும். இரும்புக் குறைவில் நேர்மாறாக எம்.சி.வி. 80-க்குக் கீழே போகும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் 30-க்குக் கீழே இருக்கும். இரண்டு குறைபாடும் சேர்ந்திருந்தால் எம்.சி.வி. நடுவில் நின்று 'நார்மல்' என்று காட்டி ஏமாற்றும். அப்போது சிவப்பணுக்களின் அளவில் உள்ள ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. என்ற எண் உயர்ந்திருக்கும். நாள்பட்ட அழற்சி உள்ளவர்களுக்கு ஃபெரிட்டினும் பொய் சொல்லும். 100 வரை இருந்தாலும் உள்ளே இரும்பு இல்லாமல் இருக்கலாம். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்றே கொள்ள வேண்டும்.

ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புக் குறைவு ரத்தசோகை வந்தால் 'இரும்பு எங்கே போகிறது?' என்றுதான் முதலில் கேட்க வேண்டும். வேறு தெளிவான காரணம் கிடைக்காவிட்டால் கேமரா குழாயால் மேலே இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, கீழே பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இரண்டும் பார்ப்பதுதான் முறை. நடப்பதோ வேறு. இரும்பு மாத்திரை எழுதுகிறார்கள், ஹீமோகுளோபின் 9-லிருந்து 10.5-க்கு ஏறுகிறது, எல்லோருக்கும் நிம்மதி, ஆறு மாதம் போய்விடுகிறது. அந்த மாத்திரையால் மலம் கறுப்பாகும், ஆகவே ரத்தம் கலந்து கறுத்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் விஷயத்திலும் இதே தவறு. மாத்திரை ரத்தக் கசிவைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் பல சமயம் அது ஏற்கெனவே இருக்கும் புண்ணையோ கட்டியையோதான் கசியவைக்கிறது. ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் போனால் அதை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும்.

ரத்தசோகை எச்.பி.ஏ1சி-யையும் குழப்பும். இரும்புக் குறைவில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதிக ரத்தம் போன பிறகோ, ரத்தம் ஏற்றிய பிறகோ, இரும்பு கொடுக்க ஆரம்பித்த பிறகோ குறைவாகக் காட்டும். எதையும் மாற்றாமல் மூன்று மாத அளவு 8.2-லிருந்து 6.6-க்கு இறங்கினால் மகிழ்வதற்கு முன் ஹீமோகுளோபினையும் எடையையும் பாருங்கள். பசி குறைந்து சாப்பாடு பாதியானாலும் சர்க்கரை இறங்கத்தான் செய்யும்.

அடுத்தது எடை. இங்கே ஓர் எளிய கணக்கு உண்டு. சர்க்கரையால் எடை குறைய வேண்டுமானால் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்க வேண்டும்: அடிக்கடி சிறுநீர், தாகம், எச்.பி.ஏ1சி 10, 11. அளவு 7-ல் இருக்கும்போது எடை குறைந்தால் அதற்குச் சர்க்கரை காரணமல்ல. புதிய மாத்திரை காரணமாக இருக்கலாம். டாபாக்லிஃப்ளோசின் வகை சாதாரணமாக இரண்டு மூன்று கிலோ குறைத்து அதோடு நின்றுவிடும். செமாக்ளூடைடு வகை ஊசி அதைவிட அதிகம் குறைக்கும், பசியையும் அடக்கும். இந்த ஊசி போடுகிறவர்களுக்குப் புற்றுநோயால் எடை குறைந்தால் கண்டுபிடிப்பது கடினம். மருந்தைத் தொடங்கிய நாளும் எடை இறங்கத் தொடங்கிய நாளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் வழி. முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் போனால், அதாவது 60 கிலோ உள்ளவர் 57-க்கு வந்தால், காரணம் தேட வேண்டும். 'சுகர் உடம்பு அப்படித்தான் வற்றும்' என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அந்தப் பேச்சால் வீணான மாதங்கள் கொஞ்சமல்ல.

கணையத்தில் கதை தலைகீழ். அங்கே சர்க்கரை நோயே அறிகுறியாக வரக்கூடும். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு மூன்று வருடத்துக்குள் கணையப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. மீதி 99 பேருக்குச் சாதாரணச் சர்க்கரைதான், எல்லோரும் ஓடிப்போய் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை, உடம்பும் பருமனில்லை, சர்க்கரை வரும்போதே எடை இறங்குகிறது, மேல்வயிற்று வலி முதுகுக்குப் போகிறது என்றால் அது வேறு. பிரிட்டனின் வழிகாட்டுதலில், 60 வயதைத் தாண்டி எடைக் குறைவோடு புதிதாகச் சர்க்கரை வந்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுப்பதைப் பரிசீலிக்கும்படி இருக்கிறது. வருடக்கணக்காக அடங்கியிருந்த சர்க்கரை காரணமின்றித் திடீரென எகிறி, எடையும் குறைந்தால் அதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வயிற்றில் காற்று மறைக்கும் என்பதால் சாதாரண அல்ட்ராசவுண்டில் கணையம் முழுதாகத் தெரியாது. ரிப்போர்ட்டில் 'கணையம் மறைந்துள்ளது' என்று எழுதியிருந்தால் அதற்கு நார்மல் என்று அர்த்தமில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூலம் இருக்கிறது என்று பத்து வருடமாகத் தெரிந்தவருக்கும் மலக்குடலில் கட்டி வரும். ரத்தம் போகும் விதம் மாறினால், மலம் கழித்தும் தீராத உணர்வு இருந்தால், கையுறை போட்டு விரலால் ஒருமுறை பார்த்தாலே கீழ்ப்பகுதிக் கட்டிகளில் பல அகப்பட்டுவிடும். செலவே இல்லாத இந்தச் சோதனையைத்தான் கூச்சத்தால் இரு தரப்பும் தவிர்க்கிறார்கள். 'கேஸ் டிரபிள்' என்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோலை வருடக்கணக்கில் மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்கிச் சாப்பிடுவது இன்னொரு கண்ணி. அமிலம் குறைந்தால் இரைப்பைப் புற்றுப்புண்ணின் வலியும் தற்காலிகமாகக் குறையும், புண்ணின் மேற்பரப்பு ஆறியதுபோலக்கூடத் தெரியும். விழுங்கும்போது சிக்குவது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, தொடர் வாந்தி இவற்றுக்கு மாத்திரை பதிலல்ல, எண்டோஸ்கோபிதான் பதில்.

ஆஸ்துமாவோ பீடி சிகரெட்டால் வந்த நுரையீரல் அடைப்போ இருப்பவருக்கு இருமல் புதிதல்ல. பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிட்டாலும் வறட்டிருமல் வரும். ஆகவே இருமலின் தன்மை மாறியதா, சளியில் ரத்தம் உண்டா, குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். நம் நாட்டில் இதற்கு மேல் ஒரு சிக்கல், காசநோய். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும், சளியில் கிருமி அகப்படாமலே காசநோய் மருந்து தொடங்கிவிடுவது உண்டு. ஓரிரு மாதத்தில் நிழலும் குறையவில்லை, எடையும் ஏறவில்லை என்றால் ஆறு மாத கோர்ஸ் முடியட்டும் என்று காத்திருக்காமல் சி.டி.யும் திசுப் பரிசோதனையும் கேட்க வேண்டும்.

மாதவிடாய் நின்று ஒரு வருடமான பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது கணக்கில் எடுக்க வேண்டியது. சர்க்கரை, பிரஷர், பருமன் மூன்றும் உள்ள பெண்ணுக்கு இது இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் ஆபத்துக் காரணிகள் இவைதான். ஸ்கேனில் உட்சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு குறிப்பு: பிராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு சாப்பிடுகிறவருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு பி.எஸ்.ஏ. (பிராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) அளவு பாதியாக விழுந்துவிடும். ரிப்போர்ட்டில் 3 என்றிருந்தால் 6 என்று வாசிக்க வேண்டும். மருந்து சாப்பிடும்போதே அளவு ஏறினால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். வாய்ப்புண் சர்க்கரையால் ஆறவில்லை என்று சொல்லிக்கொண்டு மூன்று வாரத்துக்கு மேல் விடக் கூடாது. வெற்றிலை, புகையிலை, ஹான்ஸ் பழக்கம் இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். பாதத்தில் ஆறாத புண்ணும் அப்படியே: முறையான கட்டும் சர்க்கரைக் கட்டுப்பாடும் இருந்தும் மாதக்கணக்கில் ஆறாமல், ஓரம் தடித்தோ கறுத்தோ இருந்தால் ஒரு துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். உள்ளங்காலில் வரும் கறும்புற்று (மெலனோமா என்ற தோல் புற்றுநோய்) அரிதுதான், ஆனால் சர்க்கரைப் புண் என்ற பெயரில் எளிதில் ஒளிந்துகொள்ளும்.

சந்தேகம் வந்த பிறகும் பழைய நோய் தடை போடும். 'ஸ்டென்ட் இருக்கிறது, எண்டோஸ்கோபி வேண்டாம்', 'கிட்னி வீக், கலர் மருந்து ஏற்றக் கூடாது' என்று சோதனை தள்ளிப்போகும். பார்ப்பதற்கும் திசு எடுப்பதற்கும் மட்டுமான எண்டோஸ்கோபிக்கு ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ பொதுவாக நிறுத்தத் தேவையில்லை. பெரிய பாலிப் (குடல் உட்சுவரில் வளரும் சதை) வெட்டுவதாக இருந்தால்தான் குளோபிடோக்ரெலைச் சில நாள் நிறுத்துவது பற்றி இதய டாக்டரிடம் கேட்க வேண்டும், ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் கட்டாயம் கேட்க வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்கு மேல் நிலையாக இருப்பவருக்கு ஸ்கேன் கலர் மருந்தின் ஆபத்து குறைவு.

கொலோனோஸ்கோபிக்குக் குடலைச் சுத்தம் செய்வதில் சர்க்கரை நோயாளிக்குத் தனிக் கவனம் வேண்டும். நரம்புப் பாதிப்பால் குடல் மந்தமாக இருக்கும், சரியாகச் சுத்தமாகாது, சுத்தமாகாத குடலில் சின்னக் கட்டி கண்ணில் படாது. மலச்சிக்கல் உள்ளவர் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே நார் குறைந்த சாப்பாட்டுக்கு மாறி, மருந்தை முதல் நாள் மாலை பாதி, அன்று அதிகாலை பாதி என்று பிரித்துக் குடித்தால் பலன் நன்றாக இருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்கள் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரைத்தான் குடிக்க வேண்டும், சோடியம் பாஸ்பேட் கூடாது. கிளிமிபிரைடு வகை மாத்திரை பட்டினி நாளில் சர்க்கரையைத் தாழ்த்திவிடும், அன்று வேண்டாம். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேரும். இன்சுலின் அளவை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

'வருடா வருடம் அரசுப் பரிசோதனை நடக்கிறதே' என்று கேட்கலாம். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை உண்டு. பெருங்குடல் அதில் இல்லை. இருப்பதையும் பயன்படுத்துகிறவர்கள் குறைவு: 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழகத்தில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் மாத்திரை கைக்கு வந்ததும் பரிசோதனையும் முடிந்துவிட்டதாக ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. மாத்திரை தர வருகிறவரிடமே 'இந்த மூன்று பரிசோதனையும் எங்கே, என்றைக்கு?' என்று கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் நாள்பட்ட நோயோடு வேறு பெரியவர்கள் இருந்தால், சர்க்கரை எழுதும் நோட்டிலேயே இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: மாதம் ஒருமுறை அதே எடை மெஷினில் எடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரண்டையும் பார்த்துவிடலாம். தனி எண்ணைவிட அது போகும் திசைதான் பேசும். 11.4 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் 'கொஞ்சம் கம்மி' என்றுதான் தோன்றும், போன வருடம் 13.6 இருந்தது என்று பக்கத்தில் எழுதியிருந்தால் எந்த டாக்டரும் நிமிர்ந்து பார்ப்பார். புதிய அறிகுறி வந்தால் வழக்கமான மாதாந்திர நாளில் ஐந்தாவது விஷயமாகச் சொல்லாமல் அதற்கென்றே ஒரு நாள் போங்கள். 'இது சர்க்கரையால்தான் என்றால், எத்தனை வாரத்தில் சரியாக வேண்டும்? ஆகாவிட்டால் அடுத்து என்ன பார்ப்பீர்கள்?' என்று கேட்டு, பதிலை அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நான்காம் நிலை என்றதும் சர்க்கரையும் ஸ்டென்டும் இருப்பதால் சிகிச்சையே முடியாது என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம். கல்லீரலில் மட்டும், எண்ணிக்கையில் குறைவாகப் பரவியிருந்தால் அறுவைக்கு வழி இருக்கிறதா என்று கல்லீரல் அறுவை நிபுணரும் சேர்ந்து பார்க்க வேண்டும். கீமோவோடு வாந்திக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் இரண்டு மூன்று நாள் சர்க்கரையை எகிறவைக்கும், அந்த நாட்களுக்கான மாத்திரை, இன்சுலின் அளவை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கீமோ மருந்துகளில் ஆக்சாலிபிளாட்டின் கைகால் நரம்பைப் பாதிக்கும், 5-எஃப்.யூ. சிலருக்கு இதய ரத்தக் குழாயை இறுக்கும். ஆகவே ஏற்கெனவே பாத எரிச்சல் இருந்தால் அதையும் ஸ்டென்ட் இருப்பதையும் புற்றுநோய் டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெட் ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் அன்று சர்க்கரை 200-க்குள் இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் குடலை ஒளிரச்செய்து படத்தைக் குழப்பும் என்பதால் 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

எடுத்த திசுவில் எம்.எம்.ஆர். பரிசோதனை (டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது) செய்தார்களா என்று கேளுங்கள். அம்மாவுக்கு நோயெதிர்ப்பு மருந்து (இம்யூனோதெரபி) பலன் தருமா என்பதையும், இது பரம்பரையாக வரும் வகையா என்பதையும் அந்த ஒரே பரிசோதனை கோடிகாட்டும். பரம்பரை வகை இல்லை என்றாலும், அம்மாவுக்கு 60 வயதுக்குள் வந்திருப்பதால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் 40 வயதில் கொலோனோஸ்கோபி தொடங்கி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 40-ஐத் தாண்டியவர்கள் இந்த வருடமே பார்த்துவிடுங்கள்.